பதிவு நாளோடு நம்ம கடமை முடிஞ்சிடுமா?

ஆலய பக்தர்கள், உபயக்காரர்கள், மாதர் பிரிவு அக்காமார்கள், இளைஞர் பிரிவு தம்பி தங்கைகள் எல்லாருக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமா போயிடுச்சு. பூசை முடிஞ்சு வீட்டுக்குப் போய், ஒரு கோப்பி கலக்கி வச்சுக்கிட்டு நிதானமா படிங்க. படிச்சிட்டு கோபம் வந்தா கோயிலுக்கு வாங்க, நேரிலேயே பேசுவோம். வாட்ஸ்அப் குரூப்ல மட்டும் சண்டை வேண்டாம்.

வெள்ளிக்கிழமை பூசைக்கு வர்றவங்க பார்த்திருப்பீங்க. ஏழரை மணி வாக்குல நாலைஞ்சு மோட்டார்ல இளம்பிள்ளைங்க வருவாங்க. ஒரு மோட்டார்ல ரெண்டு பேர். ஆம்பளப் பிள்ளைங்க, பொம்பளப் பிள்ளைங்க, எல்லாம் பதினெட்டு, இருபது வயசு. நம்ம ஊரு முகம் கிடையாது. கெடா, ஜொகூர், நெகிரி செம்பிலான்னு ஒவ்வொரு மூலையில இருந்தும் வந்தவங்க. ஊத்தான் மெலிந்தாங் பக்கம் இருக்கிற பொலிடெக்னிக், தெலுக் இந்தான் பக்கம் இருக்கிற மத்த காலேஜுங்க, இங்கெல்லாம் படிக்கிற பிள்ளைங்க. நம்ம பாகான் டத்தோ தனி மாவட்டமானதே 2017-லதான், பேராக்குல 12-வது மாவட்டம். தென்னையும் செம்பனையும் மட்டும் இருந்த இடத்துக்கு இப்போ வெளியூர்ப் பிள்ளைங்க படிக்க வர்றாங்கன்னா அது நமக்குப் பெருமைதான்.

ஆனா அந்தப் பிள்ளைங்க சாப்பிடுறதை நாங்க பரிமாறுற இடத்துல நின்னு பார்க்கிறோம். பூசைக்கு வர்ற ஒருத்தர் பிரசாதமா சாப்பிடுறதுக்கும், பசியோட வந்தவன் சாப்பிடுறதுக்கும் வித்தியாசம் தெரியும். தட்டு முதல் தடவை காலியாகிற வேகத்திலேயே தெரிஞ்சிடும். மதியம் சாப்பிட்டியான்னு கேட்டா, "பசியாறினேன் அங்கிள், அது போதும்"னு சிரிப்பாங்க.

அதுல ஒரு பையன். பேரு வேண்டாம், காலேஜு பேரும் வேண்டாம். ஒவ்வொரு வெள்ளியும் வருவான். சாப்பிட்டு முடிச்சு, நாங்க கேட்காமலேயே குவளை எல்லாம் கழுவி வைப்பான். போறப்ப அக்காமார்கள்கிட்ட, "மிச்சம் இருந்தா கட்டித் தர்றீங்களா, ரூம்ல கூட்டாளி இருக்கான்"னு கேட்பான். நாங்களும் கட்டிக் கொடுத்தோம். பல வாரம் கழிச்சுதான் தெரிஞ்சது, ரூம்ல கூட்டாளி யாரும் சாப்பாட்டுக்குக் காத்திருக்கல. அது அவனோட சனிக்கிழமை மதியச் சாப்பாடு.

விஷயம் தெரிஞ்சதும் நம்ம ஆளுங்க நல்ல மனசோட ஒரு வேலை செஞ்சாங்க. அவனைக் கூப்பிட்டு, "கோயில் சார்பா 200 வெள்ளி தர்றோம், ஞாயிற்றுக்கிழமை வா, தலைவர் கையால வாங்கிக்க, ஒரு படம் எடுத்து பேஸ்புக்ல போடுவோம்"னாங்க. அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு சொன்னது இன்னும் எங்க காதுல இருக்கு. "வேண்டாம் அங்கிள். படம் போட்டா அம்மா பார்ப்பாங்க. நல்லா சாப்பிடுறேன்னு அம்மாகிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

அந்த ஞாயிறு அவன் வரல. அடுத்த வெள்ளியும் வரல. அப்புறம் ஒரு நாள் நாங்க வேலை செய்யிற பேக்டரியில, ராத்திரி ஷிப்ட்ல, குத்தகை ஆளுங்க கூட வரிசையில நிக்கிறான். அட்டைப்பெட்டி அடுக்கிற வேலை. தனியா கூப்பிட்டுக் கேட்டோம். மூணாவது பருவத்திலேயே படிப்பை விட்டுட்டானாம். பெயிலா ஆனியாடான்னா, இல்லையாம், பாஸ்தான். "மாசம் ஓட்ட முடியல அங்கிள்"னு மட்டும் சொன்னான். இப்படி ஒரு பிள்ளை நின்னுடுச்சுன்னா எந்தப் பேப்பர்லயும் வராது. பரீட்சையில தோத்திருந்தாலாவது யாராச்சும் ஏன்னு கேட்டிருப்பாங்க.

அதுக்கப்புறம்தான் நாங்க மத்த பிள்ளைங்களை உட்கார வச்சு கணக்குக் கேட்டோம். மாசத்துக்கு உண்மையிலேயே என்ன செலவு ஆகுதுன்னு. ஒரு பொண்ணு போன்ல எழுதி வச்சிருந்தது. அதையே இங்க சொல்றோம்.

காலையில நாசி லெமாக் ஒரு பொட்டலம், மதியம் சோறு ஒரு கோழி ஒரு காய், ராத்திரி ஏதாச்சும் ஒண்ணு. கஞ்சத்தனமா சாப்பிட்டாலும் ஒரு நாளைக்கு 15 வெள்ளி. மாசத்துக்கு 450. போன் டேட்டா 35. துணி துவைக்கிற மெஷின்ல காசு போட 30. அசைன்மென்ட் பிரிண்ட், போட்டோஸ்டாட், பைண்டிங் 30. மோட்டார் எண்ணெய் 40. சோப்பு, பற்பசை, பொம்பளப் பிள்ளைங்களுக்கு மாசாமாசம் தேவையான சாமான் 30. கூட்டிப் பாருங்க, 615 வெள்ளி. இதுல ஒரு படம் பார்க்கல, ஒரு சட்டை வாங்கல, காய்ச்சல்னு கிளினிக் போகல, தீபாவளிக்கு ஊருக்குப் போக பஸ் டிக்கெட் எடுக்கல.

அந்தப் பொண்ணுக்கு வீட்டுல இருந்து வர்றது 300 வெள்ளி. மிச்சத்துக்கு என்ன செய்யிறேன்னு கேட்டோம். "மெகி"ன்னு ஒரே வார்த்தை.

வெள்ளிக்கிழமை சைவம் இருக்கிற பிள்ளைங்க பாடு இன்னும் கஷ்டம். கேண்டீன்ல கங்கோங் கீரை இருக்கும், அதுல பிளாச்சான் போட்டிருப்பாங்க. சம்பல்ல நெத்திலி. கடைசியில வெள்ளைச் சோறும் சோயா சாஸும்தான். விரதம் இருக்கணும்னு வீட்டுல சொல்லி அனுப்புறோமே, அந்த விரதத்துக்கு அங்க என்ன சாப்பாடு கிடைக்கும்னு யோசிச்சோமா?

"அரசாங்க காலேஜுதானே, கட்டணம் கம்மிதானே"ன்னு நிறைய பேர் சொல்றீங்க. உண்மைதான். பொலிடெக்னிக்ல படிப்புக் கட்டணம் பருவத்துக்கு 200 வெள்ளிதான். அதனாலதான் ஏழைப் பிள்ளைங்க அங்க போறாங்க. ஆனா கட்டணம் வருஷத்துக்கு ரெண்டு தடவை வருது, பசி ஒரு நாளைக்கு மூணு தடவை வருதே! நாம எல்லாரும் அந்த ரெண்டு தடவையைத்தான் கணக்குல எடுக்கிறோம். பதிவு நாள்ல மாமா 50, சித்தப்பா 100, கோயில்ல ஒரு மாலையும் ஒரு கவரும். எல்லாரும் கூட நின்னு படம் எடுத்துக்குவாங்க. மூணாவது மாசத்துல அந்தப் பிள்ளை கையில என்ன இருக்குன்னு கேட்க யாரும் இல்ல.

அப்பா அம்மாவையும் குத்தம் சொல்ல முடியாது. 2025 பிப்ரவரியில இருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. கேட்க நல்லாத்தான் இருக்கு. இ.பி.எப்.க்கு 11 விழுக்காடு, அதுவே 187 வெள்ளி. சொக்சோவும் பிடிச்சா கைக்கு வர்றது 1,500 சொச்சம். வீட்டு வாடகை, மோட்டார் தவணை, கீழ ரெண்டு பிள்ளைங்க. அதுல 300 எடுத்து அனுப்புறவரு வேற எதையோ நிறுத்திட்டுதான் அனுப்புறாரு. பிடிபிடிஎன் கடன் 1997-ல இருந்து இருக்கு, எத்தனையோ லட்சம் பிள்ளைங்களைப் படிக்க வச்சிருக்கு. அதுக்கும் எஸ்.எஸ்.பி.என். கணக்கு திறக்கணும், விண்ணப்பம், ஒப்பந்தம், கையெழுத்துன்னு வேலை இருக்கு. எல்லாம் முடிஞ்சு காசு வர்ற வரைக்கும் வயிறு காத்திருக்காது. வந்த பிறகும் அது கடன்தான், சிக்கனமாத்தான் எடுக்கணும்.

இப்போ எங்க வீட்டுக் கதை ஒண்ணு சொல்றோம். சொல்லணுமா வேண்டாமான்னு ரொம்ப நாள் யோசிச்சோம்.

1988. எங்க வீடு அப்போ தோட்டத்துல, லயத்துல. எஸ்.பி.எம். ரிசல்ட் வந்து கொஞ்ச நாள்ல தபால்ல ஒரு கடிதம். ஈப்போ உங்கு ஒமார் பொலிடெக்னிக்ல இடம். 1969-ல ஆரம்பிச்சது, இந்த நாட்டோட முதல் பொலிடெக்னிக். லயத்துல அது வரைக்கும் யாருக்கும் அப்படி ஒரு கடிதம் வந்ததில்ல. கிராணி வந்து படிச்சுச் சொன்னாரு. அப்பா தோட்டம் பூரா கடிதத்தைக் காட்டிட்டு வந்தாரு. பதிவுக்கான காசைக்கூட அங்க இங்க கேட்டுப் புரட்டிட்டாங்க. அப்புறம் ஒரு ராத்திரி அம்மா கேட்டாங்க, "சேர்த்து விட்டுடலாம். மாசாமாசம் சாப்பாட்டுக்கு என்ன பண்றது?" அதுக்கு அந்த வீட்டுல யார்கிட்டயும் பதில் இல்ல. அடுத்த மாசம் நாங்க பேக்டரிக்கு வேலைக்குப் போனோம்.

அதே மாசம்தான் தோட்டத்துக் கோயில் திருவிழா. சம்பளத்துல கோயில் வரி பிடிச்சாங்க, அப்பா சந்தோஷமா கொடுத்தாரு. நல்லாத்தான் நடந்துச்சு திருவிழா. காவடி, தப்பு, மூணு நாள் அன்னதானம். யாரையும் குறை சொல்லல. கோயில்ல போய்க் கேட்கலாம்னு அப்பாவுக்கும் தோணல, கொடுக்கலாம்னு கோயிலுக்கும் தோணல. ஏன்னா இது கோயில் வேலைன்னு யாரும் நினைக்கல.

ஆனா இது கோயில் வேலைதான். நாங்க சொந்தமா கண்டுபிடிச்சுச் சொல்லல. கல்லுல வெட்டி வச்சிருக்கு.

தமிழ்நாட்டுல விழுப்புரம் பக்கம் எண்ணாயிரம்னு ஒரு ஊர். அங்க பெருமாள் கோயில்ல முதலாம் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கு. கடாரம் கொண்டான்னு நாம பெருமையா பேசுறோமே, அதே ராஜேந்திரன். அந்தக் கோயில்ல ஒரு கல்லூரி நடந்திருக்கு. 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள். ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு நாளைக்கு எவ்வளவு நெல்லுன்னு அளந்து எழுதியிருக்காங்க.

காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடல்னு இன்னொரு ஊர். அங்க உள்ள கோயில்ல வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, அதுவும் 11-ம் நூற்றாண்டுதான். கோயிலை ஒட்டி மாணவர் விடுதி, 15 படுக்கையோட ஆதுலர் சாலை, அதாவது ஆஸ்பத்திரி. மாணவர்களுக்குச் சாப்பாடு மட்டும் இல்ல. படுக்கப் பாய், ராத்திரி படிக்க விளக்கெண்ணெய்ச் செலவு, சனிக்கிழமை தலைக்குத் தேய்ச்சுக் குளிக்க எண்ணெய், வருஷத்துக்கு 51 சனிக்கிழமைக்குன்னு கணக்கு. எண்ணிப் பாருங்க. ராஜாங்கம் நடத்தினவங்க, ஒரு பையன் தலைக்குத் தேய்க்கிற எண்ணெயைக் கணக்குல சேர்த்திருக்காங்க! இன்னைக்கு அந்த விளக்கெண்ணெய்க்குப் பதிலா போன் டேட்டா. எண்ணெய்க் குளியலுக்குப் பதிலா துணி துவைக்கிற மெஷின் காசு. செலவோட பேருதான் மாறியிருக்கு.

கோயில் சாமி கும்பிடுற இடம் மட்டும்தான்னு சொல்றவங்க தயவுசெஞ்சு இதை ஒரு தடவை யோசிங்க. குருத்வாராவுல பாருங்க, யார் போனாலும் பேரு கேட்காம லங்கர்ல சோறு போடுறாங்க. அவங்க இன்னும் விடாம வச்சிருக்காங்க. நாமளும் வச்சிருந்தவங்கதான்.

இந்தப் பேச்சை எடுத்தா எப்பவும் மூணு கேள்வி வரும். மூணுக்கும் பதில் சொல்லிடுறோம்.

முதல் கேள்வி, "அந்தப் பிள்ளைங்க கையில பெரிய போன் இருக்கே?" இருக்கு. பாடம், அசைன்மென்ட், வருகைப் பதிவு எல்லாம் போன்லதான். போன் இல்லாத பிள்ளை வகுப்புல பாதி இல்லாத மாதிரி. நிறைய பேர் எஸ்.பி.எம். முடிச்சு நாலு மாசம் சூப்பர்மார்க்கெட்ல வேலை செஞ்சு வாங்கினது. போனை வச்சுப் பசியை அளக்காதீங்க.

ரெண்டாவது, "பகுதி நேர வேலை செய்யலாமே?" செய்யிறாங்க. ராத்திரி பதினோரு மணி வரைக்கும் கடையில நின்னுட்டு, செம்பனைத் தோட்டத்து இருட்டு ரோட்டுல தனியா மோட்டார்ல திரும்பி வர்றாங்க. காலையில எட்டு மணி வகுப்பு. 80 விழுக்காடு வருகை இல்லன்னா பரீட்சை எழுத முடியாது. வேலை செய்யட்டும், வேண்டாம்னு சொல்லல. ஆனா சோத்துக்காக வகுப்பை விட்டுட்டு வேலைக்குப் போற நிலைமை வந்தா அப்புறம் எதுக்குக் காலேஜ்?

மூணாவது, "நாங்க எல்லாம் கஷ்டப்படலையா?" பட்டோம். நல்லாவே பட்டோம். அதனாலதான் நாம பட்டது பிள்ளைங்களுக்கு வேண்டாம்னு சொல்றோம். பத்துப் பத்து வெள்ளியா தோட்டத் தொழிலாளிங்க சேர்த்துக் கொடுத்த காசுலதான், 1960-ல துன் சம்பந்தன் ஆரம்பிச்ச தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோட்டங்களையே வாங்கிச்சு. சுங்கை சிப்புட்காரர், நம்ம பேராக்காரர். நம்ம பாட்டன் பாட்டி பத்து வெள்ளிக்கு அவ்வளவு வலு இருந்துச்சு. நம்ம பத்து வெள்ளிக்கு ஒரு பிள்ளையைச் சாப்பிட வைக்கிற வலு இருக்காதா?

சரி, என்ன செய்யலாம்? செயலவைக்கு நாங்க எழுதிக் கொடுத்திருக்கிறதை உங்ககிட்டயும் சொல்றோம். திருவிழாவைக் குறைக்கச் சொல்லல. அம்மனுக்குச் செய்யிறதுல ஒரு பூகூடக் குறைய வேண்டாம்.

ஒண்ணு, வெள்ளிக்கிழமை அன்னதானத்துல கொஞ்சம் சேர்த்துச் சமைச்சு, மறுநாளைக்கும் ஆகுற மாதிரி பொட்டலம் கட்டி மேசையில வச்சிடுவோம். புளிச்சோறு, தக்காளிச்சோறு, கெடாத மாதிரி ஏதாச்சும். யாரும் கேட்க வேண்டாம், நாமளும் எடுத்துக் கையில கொடுக்க வேண்டாம். எடுக்கிறவங்க எடுத்துக்கட்டும். பேரு எழுதுற புத்தகம் வேண்டாம். படம் கண்டிப்பா வேண்டாம்.

ரெண்டு, 60 குடும்பம் மாசம் 10 வெள்ளி. மொத்தம் 600. காலேஜ் பக்கம் இருக்கிற சாப்பாட்டுக் கடையில முன்பணமா கட்டி, 6 வெள்ளி டோக்கன் போட்டா 100 சாப்பாடு. நம்மாளு கடையா இருந்தாலும் சரி, மக்சிக் கடையா இருந்தாலும் சரி, பிளாச்சான் இல்லாத கறி ஒண்ணு வெள்ளிக்கிழமை போடுவாங்களான்னு கேட்டுப் பார்ப்போம். 2023-ல அரசாங்கம் 5 வெள்ளி ரஹ்மா சாப்பாடு ஆரம்பிச்சப்ப எத்தனையோ கடைக்காரங்க மனசோட சேர்ந்தாங்க. கேட்டா செய்வாங்க. விருந்தாளிக்குப் போடுற பொன்னாடை ஒண்ணு குறைஞ்சா நாலு பிள்ளைக்கு மதியச் சாப்பாடுங்க. எந்த விருந்தாளியும் கோபிச்சுக்க மாட்டாங்க.

மூணு, கோயில் ஆபீஸ்ல இருக்கிற பிரிண்டர். வருஷத்துல பத்து மாசம் அது சும்மாதான் தூங்குது. சனிக்கிழமை காலையில பிள்ளைங்க வந்து இலவசமா பிரிண்ட் எடுக்கட்டும். மண்டபத்துல வைபை இருக்கு, காத்தாடி இருக்கு, உட்கார்ந்து படிக்கட்டும். படிச்சு முடிச்ச பிள்ளைங்க விட்டுட்டுப் போற வாளி, மெத்தை, இஸ்திரிப் பெட்டி, கால்குலேட்டர், பட்டறைக்குப் போடுற பாதுகாப்புக் காலணி, இதெல்லாம் ஸ்டோர்ல வச்சு புதுசா வர்ற பிள்ளைங்களுக்குக் கொடுக்கலாம்.

நாலு, இதுதான் எங்களுக்கு ரொம்பப் பிடிச்சது. நம்ம தமிழ்ப்பள்ளிப் பிள்ளைங்களுக்கு கணக்கு, இங்கிலீஷ், மலாய் சொல்லிக் கொடுக்க ஆள் தேடிக்கிட்டே இருக்கோம். இந்தக் காலேஜ் பிள்ளைங்க சனிக்கிழமை ரெண்டு மணி நேரம் மண்டபத்துல சொல்லிக் கொடுக்கட்டும். கோயில் அதுக்கு ஒரு தொகை கொடுக்கட்டும். அப்போ அது தர்மம் இல்ல, சம்பளம். தலை நிமிர்ந்து வாங்குவாங்க. நம்ம குட்டிப் பிள்ளைங்களுக்கும், "நாமளும் இப்படிக் காலேஜ் போகலாம்"னு கண்ணு முன்னாடி ஒரு ஆள் இருக்கும்.

பெத்தவங்களுக்கும் ஒரு வார்த்தை. போன் பண்ணா பரீட்சை எப்படின்னு முதல்ல கேட்காதீங்க. கையில எவ்வளவு இருக்குன்னு கேளுங்க. "போதும்மா"ன்னு சொன்னா அப்படியே நம்பாதீங்க. காலையில என்ன சாப்பிட்டே, மதியம் என்ன சாப்பிட்டேன்னு தனித்தனியா கேளுங்க, பதில்ல தெரிஞ்சிடும். இ.பி.எப்.ல சேஜாத்ரா கணக்குல இருந்து பிள்ளைங்க படிப்புக்கு எடுக்க வழி இருக்கு, போய் விசாரிங்க. கடன் விண்ணப்பத்தைப் பதிவு நாள் வரைக்கும் தள்ளிப் போடாதீங்க. பாரம் நிரப்பத் தெரியலன்னா கோயிலுக்கு எடுத்துட்டு வாங்க, நம்ம இளைஞர் பிரிவு தம்பிங்க உட்கார்ந்து நிரப்பித் தருவாங்க.

பிள்ளைங்களுக்கும் சொல்லிக்கிறோம். இந்தப் பதிவைப் படிக்கிறீங்கன்னு தெரியும். பசிக்குதுன்னு சொல்றதுல வெட்கம் இல்லப்பா. இது உங்க கோயிலும்தான். வெள்ளிக்கிழமை மட்டும்தான் வரணும்னு இல்ல. பின்னாடி சமையல்கட்டுக் கதவு எந்த நாளும் தட்டலாம், யாராச்சும் இருப்போம்.

அந்தப் பையன்கிட்ட நாங்க விடாம பேசிக்கிட்டு இருக்கோம். மறுபடி சேர வழி இருக்கான்னு அவன் காலேஜ்ல விசாரிக்கச் சொல்லியிருக்கோம். இன்னும் சரின்னு சொல்லல, முடியாதுன்னும் சொல்லல. போன வாரம் ஷிப்ட் முடிஞ்சு போறப்ப, "அங்கிள், வெள்ளிக்கிழமை சாம்பார்தானே?"ன்னு கேட்டான். ஆமாடா வான்னு சொல்லியிருக்கோம். வந்தா யாரும் அவனை ஒண்ணும் கேட்காதீங்க. இலையைப் போட்டுச் சோறு வைங்க, போதும்.

மாசம் 10 வெள்ளிக்குப் பேரு கொடுக்க நினைக்கிறவங்க வெள்ளிக்கிழமை பூசைக்கு அப்புறம் அன்னதான மேசைக்கிட்ட நிக்கிற எங்ககிட்ட சொல்லுங்க. யார் கொடுத்தாங்கன்னு பலகையில எழுத மாட்டோம், அதை மட்டும் முன்னாடியே சொல்லிடுறோம். கணக்கு மட்டும் மாசாமாசம் அறிவிப்புப் பலகையில இருக்கும், ஒரு காசு விடாம.

அம்மன் எல்லாருக்கும் துணை இருக்கட்டும்.

உங்கள் ஆலயத் தொண்டர்கள்,
பாகான் டத்தோ